உப்புத் தண்ணீரில் ஓடாத துகள்

நேற்று நாகர்கோவிலில் இருந்து தக்கலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். பார்வதிபுரம் தாண்டியதும் பையைத் துழாவி ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். நம் ஊர் பஸ் போகிற போக்கில் மனுசன் நேராக உட்காருவதே பெரும்பாடு. அவள் அந்தக் குலுக்கலில் சுண்டுவிரலுக்குப் பூசத் தொடங்கினாள். மூடியைத் திருகியதும் அந்த வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்து வழிய ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிள்ளை பதறிப்போய், "ஐயோ மேம், மணம் பிடிக்கலியா? மூடிரட்டா?" என்றாள். "இல்ல மக்களே, நீ பூசு. எனக்கு ஜலதோசம்" என்றேன்.

நெயில் பாலிஷ் வாசனைக்கு அழுகிறவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ கூட இருந்திருந்தால், "ஏட்டி, பஸ்சுல வச்சு மானத்த வாங்காத" என்று தொடையில் கிள்ளியிருப்பாய். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தக்கலைச் சந்தைக்குப் பக்கத்தில் நாம் வாடிக்கையாகப் போகும் ஃபேன்சி ஸ்டோர் நினைவிருக்கிறதா? நிறமில்லாத நெயில் பாலிஷை அள்ளிக்கொண்டு வருவோம். கடைக்காரர் பாட்டிலைப் பார்ப்பார், நம் விரல்களைப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் வெறும் நகம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "டீச்சரே, இத எல்லாம் எங்கதான் பூசுதிய?" நீ கொஞ்சமும் சிரிக்காமல், "கண்ணுக்குத் தெரியாத பூச்சி வளக்கோம் அண்ணாச்சி. அதுக்கு நகம் உண்டு" என்றாய். அவர் பாதி நம்பினார். அடுத்த தடவை போனபோது, "பூச்சி சுகமா இருக்கா?" என்று விசாரித்தார்.

நாம் பூசியது கண்ணாடிச் சில்லின் ஓரத்தில். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு துளி தண்ணீரை வைத்து, அது காய்ந்துபோகாமல் இருக்க நாலு ஓரத்தையும் நெயில் பாலிஷால் அடைப்போம். அந்தத் துளிக்குள்தான் நம் துகள்கள் இருந்தன. "எனக்கே பாடம் எடுக்கியா?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். எடுக்கத்தான் செய்வேன். யாரிடமும் பேசாமல் அடக்கி வைத்திருக்கிற பேச்சு இது, வரும்போது முழுசாகத்தான் வரும்.

பிளாஸ்டிக் உருண்டைகள். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் பத்துக்கு மேல் நிற்கும், அவ்வளவு சின்னவை. அவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் தங்கப் பூச்சு. அதுவும் நேராகப் பூசாமல் சாய்த்துப் பூசியது, ஒரு பக்கம் கோணலாக விழுந்த தங்கத் திட்டு. தண்ணீருக்குள் விட்டு இரண்டு பக்கமும் மாறுமின்சாரம் கொடுத்தால் தங்கம் இருக்கிற பக்கத்திலும் இல்லாத பக்கத்திலும் தண்ணீர் ஒரே மாதிரி அசையாது. அந்த வித்தியாசம் உருண்டையைத் தள்ளும். திட்டு கோணலாக இருப்பதால் நேராகத் தள்ளாது, சுழற்றிக்கொண்டே தள்ளும். திருகாணி மரத்துக்குள் இறங்குகிற மாதிரி சுருண்டு சுருண்டு போகும். மின்சாரத்தின் அளவைக் கூட்டிக் குறைத்தால் அந்தச் சுருள் நீளும், நெருங்கும். அதிர்வெண்ணை ஏற்றினால் போன வழியே திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கையால் தொடாமல், சொன்ன இடத்துக்குச் சொன்ன மாதிரி நடக்கவைப்பது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அதுதான்.

தங்கப் பூச்சு போடும் இயந்திரம் நம் கல்லூரியில் கிடையாது. இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போகவேண்டும். கண்ணாடித் தகடுகளை ஒரு டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி, மடியில் வைத்துக் கொண்டுபோவாய். ஒருநாள் எதிர் இருக்கையில் இருந்த அம்மா, "முந்திரிக்கொத்தா மக்களே?" என்று ஆசையாகக் கேட்டாள். "இல்ல அம்மா, தங்கமாக்கும்" என்றாய். அந்த அம்மா அதன் பிறகு குழித்துறை வரும்வரை டப்பாவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பயந்து செத்தேன். நீ பாட்டுக்கு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாய்.

நமக்குள் சண்டை வராத நாள் உண்டா? சவம், எதற்கெல்லாம் சண்டை போட்டோம். துகள் இடது புரியாகச் சுருளுகிறதா வலது புரியாகவா என்பதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். மைக்ராஸ்கோப்பில் மேலே இருந்து பார்த்தால் சுருள் சுருளாகத் தெரியாது, பாம்பு நெளிகிற மாதிரி ஒரு வளைகோடுதான் தெரியும். வளைவின் உச்சியில் துகள் நம்மைப் பார்க்க மேலே வருகிறதா, அடியில் இறங்குகிறதா என்று தெரிந்தால்தான் எந்தப் புரி என்று சொல்லமுடியும். மேலே வந்தால் நடுவில் வெளிச்சப் பொட்டு. அடியில் போனால் கருத்துவிடும். நீ கண்ணை வைத்து மைக்ராஸ்கோப் குமிழைப் பைய உருட்டிக்கொண்டு, "மேல… மேல… கீழ… மேல…" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். நான் திரையில் பாதையைக் குறித்துக்கொண்டே வருவேன். அடுத்த அறைக்காரர், "என்ன டீச்சரே, கெணத்துல வாளி விட்டுருக்கியளா?" என்று கேட்டார்.

எல்லாம் சரியாக வருகிற நேரம் பார்த்து கரண்ட் போகும். நீ இருட்டில் கையை விரித்து, "போச்சு" என்பாய். எனக்குத்தான் ஆத்திரம் வரும். மின்வாரியத்தில் தொடங்கி கல்லூரி நிர்வாகம் வரை ஒருவரையும் விடமாட்டேன். நீ எனக்குக் கட்டன் சாயா ஊற்றித் தந்து, "திட்டி முடிச்சியா? அப்பம் குடி" என்பாய்.

துகள் சொன்னபடி கேட்ட நாள் ஒரு மழைநாள். நீ மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு வந்தாய். நெருக்கமாகச் சுருண்டுகொண்டிருந்த துகள் நீண்டு, மேலும் நீண்டு, ஒரு கட்டத்தில் நூல் பிடித்தது போல நேராகப் போயிற்று. குறைத்தாய். மறுபடியும் சுருண்டது. ஏற்றினாய், நேரானது. நீ நாற்காலியில் இருந்து குதித்தே விட்டாய். "ஏட்டி, சொன்னத கேக்குதுட்டி! பெத்த பிள்ள கேக்க மாட்டேங்கு, இது கேக்குது பாத்தியா!" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாய். உன் பெற்ற பிள்ளை அப்போது கோயம்புத்தூர் விடுதியில் இருந்து போன் எடுக்காத காலம். அன்று சாயங்காலமே மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ காலில் அதைக் காட்டினாய். உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதானே கூப்பிடுவேன். அவர் அங்கே ஏசி மெக்கானிக். மொட்டைமாடியில் ஏதோ மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தார். "கொள்ளாமே! இது எதுக்குள்ளதாக்கும்?" என்று கேட்டார்.

எதற்கு என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு வரி நம்மிடம் தயாராக இருந்தது. இந்தத் துறையில் யார் எழுதும் கட்டுரையிலும் கடைசியில் அந்த வரி இருக்கும். எதிர்காலத்தில் இத்தகைய துகள்கள் மருந்தை உடலுக்குள் தேவையான இடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவலாம். நாமும் எழுதினோம். நீ சொன்னாய், "கல்யாணப் பத்திரிகையில சுற்றமும் நட்பும் சூழன்னு போடுவாவல்லா, அந்த மாதிரியாக்கும் இது. யாரு வந்தாலும் வராட்டாலும் போடணும்." நாம் சிரித்தோம். நாம் நன்றாகத்தான் சிரித்தோம்.

கட்டுரை வந்த பிறகு ஒரு நாளிதழில் இருந்து ஒரு பையன் வந்தான். நாம் அரைமணி நேரம் விளக்கினோம். அவன் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டான். உடலுக்குள் நீந்திச் சென்று மருந்து கொடுக்கும் தங்கத் துகள், பேராசிரியைகள் சாதனை என்று நம் இரண்டு பேரின் படத்தோடு வந்தது. படத்தில் நீ கண்ணை மூடியிருந்தாய். நான் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கப் போனேன். "விடுட்டி, எங்க அம்மைக்கு ஒரு சந்தோசம்" என்று நீ தடுத்துவிட்டாய். அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சுசீந்திரம் வீட்டின் முன்னறையில், நீங்கள் கும்பிடும் அய்யாவின் படத்துக்கு அடுத்தபடியாக மாட்டிவைத்தார்.

பிறகு உனக்கு முதுகு வலி வந்தது. குனிந்து குமிழ் உருட்டுகிறதால் என்று நினைத்தோம். சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி என்றார்கள். அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு டாக்டர் கூப்பிட்டார். நீ படுத்திருந்தாய். அண்ணனும் நானும் போனோம். அவர் தன்மையான மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். இந்த இடத்தில் வருகிற கட்டியைச் சுற்றி நார்த்திசு இறுகிச் சுவர் மாதிரி ஆகிவிடும், மருந்து ரத்தத்தில் போகிறது, ஆனால் கட்டிக்குள் போய்ச் சேரமாட்டேன் என்கிறது. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

வெளியே வராந்தாவில் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"தங்கச்சி, மருந்து உள்ள போய்ச் சேரலன்னுதானே சொல்லுதாரு?"

"ஆமாண்ணே."

"உள்ள கொண்டு சேக்கிய சாமானத்தத்தானே நீங்க ரெண்டுபேரும் செஞ்சிய? பேப்பர்ல வந்துதே. அத இவளுக்குப் போட முடியாதா?"

ஏட்டி, அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லியிருக்கவேண்டும். நீதான் அவரிடம் பேசத் தெரிந்தவள். எனக்கு மாணவர்களிடமும் அதிகாரிகளிடமும் கத்தத் தெரியும், நல்ல மனுசனிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது. நான் உள்ளதைச் சொன்னேன். "அண்ணே, அது சுத்தமான தண்ணியில மட்டும்தான் ஓடும். உப்பு பட்டா நின்னுரும். உடம்புல ரத்தம் முழுக்க உப்பாக்கும். அதுக்குள்ள ஓடாது."

"உப்பா?" என்றார். "உப்புதான் தடையா?"

"ஆமாண்ணே."

தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். முகத்தில் அந்த வெளிச்சம் மட்டும் போகவில்லை. எனக்கு அதைக் கவனிக்கிற நிலை இல்லை.

மருந்து ஏற்றுவதை நிறுத்தி உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை நான் சுசீந்திரத்துக்கு வந்தேன். அறுப்பு முடிந்த வயலில் இருந்து வைக்கோல் மணம் வந்துகொண்டிருந்தது. அண்ணன் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய்த் துவையல். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார். வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. "இது என்ன எழவு, உப்பே இல்லியே?" என்று கேட்க வாயெடுத்தேன். நீ கண்ணால் அடக்கினாய். ஒவ்வொரு ஸ்பூனையும் வாங்கி விழுங்கினாய். அவர் உன் வாயைத் துடைத்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். போகும்போது என்னிடம், "பத்து நாளா ஒரு கல்லு உப்பு சேக்கல தங்கச்சி. பப்படங்கூட கொடுக்கல. ரத்தத்துல கொறஞ்சிருக்கும்லா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீ சிரித்தாய். சிரிக்கக்கூட உனக்கு வலித்தது.

"நீ என்னவாக்கும் அவருகிட்ட சொன்ன?"

"நான் உள்ளதத்தானேட்டி சொன்னேன்! ரத்தத்துல உப்பு உண்டும்னு சொன்னேன். கஞ்சியில உப்ப நிறுத்துங்கன்னா சொன்னேன்? இப்பமே போயிச் சொல்லுதேன். தின்னாலும் தின்னாட்டாலும் ரத்தத்துல உப்பு அப்படியேதான் இருக்கும், அத உடம்பு பாத்துக்கிடும்னு சொல்லுதேன்."

"சொல்லு" என்றாய். "சொல்லிட்டு அவருக்கு வேற ஒரு வேலயும் குடுத்துட்டுப் போ."

நான் எழுந்தவள் அப்படியே நின்றேன்.

"ஏசி ரிப்பேர் பாத்த மனுசன்டி. எதையாவது கழட்டி மாட்டுனாதான் அவருக்கு உயிரு நிக்கும். என்னய எப்பிடிக் கழட்ட? உப்பத்தான் கழட்ட முடிஞ்சுது. விட்டுரு."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவது? அவர் மேல் முடியாது, உன் மேலும் முடியாது. கூட்டி மூன்று ஸ்பூன் உள்ளே போகிற உடம்பில், அந்த மூன்று ஸ்பூனுக்கும் ருசி இல்லாமல் போகவேண்டுமா? நான் அடுக்களை வாசல் வரை போனேன். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, துவையல் அரைத்த மிக்சி ஜாரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார், உப்பு ஒட்டியிருக்கக்கூடாது என்று. நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

புறப்படும்போது நீ என் கையைப் பிடித்தாய். "உப்புல ஓட்டிப் பாரேன்" என்றாய்.

"ஓடாதுன்னு நமக்குத் தெரியும்லா."

"தெரியும். அன்னிக்கு ஒரு துளி உப்பு போட்டோம், நின்னுது, மூடி வச்சுட்டோம். மெனக்கெட்டுப் பாக்கலியே. ஒருவாட்டி மெனக்கெட்டுப் பாரு."

அவருக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி எனக்கும் ஒன்றைக் கொடுக்கிறாயா, இல்லை உள்ளூர உனக்கே ஒரு ஆசை இருந்ததா? இதை நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்கமாட்டாய்.

நான் பார்த்தேன். மெனக்கெட்டுத்தான் பார்த்தேன். வகுப்பு முடிந்த கையோடு ஆய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முதலில் சுத்தத் தண்ணீரில் ஓட்டுவேன். துகள் ஜோராகச் சுருண்டு போகும். அதை மேலே கீழே என்று சொல்ல ஆள் இல்லை. நானே குமிழையும் உருட்டி நானே குறிக்கவும் பார்த்தால் இரண்டும் உருப்படாது. சரி, புரி எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், ஓடினால் போதும் என்று விட்டேன். கொஞ்சம் உப்பு சேர்ப்பேன், வேகம் குறையும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நின்றுவிடும். உப்பு கரைந்து துகளைச் சுற்றி மொய்த்துக்கொள்கிறது. நாம் அனுப்புகிற மின்சாரம் போய் அதைத் தள்ளுவதற்குள் அடங்கிவிடுகிறது. மின்சாரத்தை ஏற்றினேன், துளிக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பியது. அதிர்வெண்ணை ஏற்றினேன், தண்ணீர் சூடாகி எல்லாத் துகளையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு போனது. ஒரு நொடி ஓடுகிறது என்று நினைத்துக் கத்தியேவிட்டேன். பிறகு பார்த்தால் தங்கம் பூசாத துகளும் கூடவே போகிறது. அது நாம் சொல்லி நடக்கிறதல்ல, வெள்ளத்தில் சருகு போகிற போக்கு. ரத்தத்தில் இருக்கிற அளவு உப்பு என்பது இன்னும் எங்கேயோ இருந்தது. அதன் பக்கத்தில்கூட நான் போகவில்லை.

சாயங்காலம் உனக்குப் போன் பண்ணுவேன்.

"என்ன செய்யுது?"

"நிக்குது."

"நடுங்குதா?"

"நடுங்குது."

"அது எல்லாந்தான் நடுங்கும்" என்பாய். தண்ணீருக்குள் கிடக்கிற சின்னப் பொருள் எதுவானாலும் சும்மாவே நடுங்கும் என்று முதல் வருட மாணவிக்கும் தெரியும். ஆனாலும் தினமும் நீ கேட்டாய், தினமும் நான் சொன்னேன். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அதையும் சொன்னேன். "நல்லது. எங்க அய்யாவும் உங்க ஆளும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்" என்றாய். உனக்குக் குரலே எழும்பாத நாளிலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அண்ணன் உன் வலி மருந்து வாங்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். நான் கல்லூரியில் இருந்து நேராக வந்ததால் சாப்பாட்டு டப்பா பையில் இருந்தது. நீ மூக்கை உறிஞ்சினாய்.

"ஒனக்க டப்பாவுல என்ன கறிட்டி?"

"மரச்சீனிக் கெழங்கும் சாள மீன் கறியும்."

"ஒரு சொட்டு நாக்குல வையி."

நான் ஸ்பூன் தேடினேன். "ஸ்பூன் வேண்டாம், பாத்திரம் கழுவ வந்தா மணம் பிடிச்சுருவாரு" என்றாய். கறியில் விரலைத் தோய்த்து உன் நாக்கில் வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாய் என்று தெரியாது. உன் முகத்தை அந்த மாதிரி நான் பார்த்ததில்லை, துகள் சொன்னபடி கேட்ட அன்றுகூட. பிறகு, "இன்னொண்ணு" என்றாய். பிறகு, "போதும். வாயத் தொடச்சு விடு. அந்த ஏலக்காய ஒண்ணு தா" என்றாய். அண்ணன் வந்தபோது நீ ஏலக்காய் மென்றுகொண்டு அப்பாவியாகக் கிடந்தாய். அதற்கடுத்து நான் வந்த ஒவ்வொரு தடவையும் அவரை எதற்காவது கடைக்கு அனுப்பினாய். கடைசித் தடவை உனக்கு விழுங்க முடியவில்லை. நாக்கில் பட்டால் போதும் என்று சைகை காட்டினாய்.

நீ போன அன்று நான் ஆய்வறையில் இருந்தேன். போன் வந்தபோது மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்காமல் அப்படியே ஓடிவந்தேன். உங்கள் முறைப்படி வடக்குப் பார்த்து உன்னை இருத்தி அடக்கம் செய்தார்கள். நெற்றியில் நாமம் இட்டு அண்ணன் நின்றார். நான் அவர் பக்கத்தில் போகவில்லை. போனால் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கேட்டார். அன்று இல்லை, போன மாதம். உன் மகன் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போய்விட்டான், வீட்டில் அவர் மட்டும் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்திருந்தார். சாயா போட்டுத் தந்தார். சுவரில் நம் படம் அப்படியேதான் தொங்கியது. ரொம்ப நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி, உள்ளதச் சொல்லணும்" என்றார். "உப்ப நான் முன்னமே நிறுத்தியிருந்தா உங்க சாமானம் அவளுக்கு ஓடியிருக்குமா? நான் பிந்திட்டேனா?"

ஏட்டி, என்னிடம் இருந்தது இரண்டே பதில். ஓடியிருக்கும் என்றால் அவர் அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டே சாவார். தின்கிற உப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றால், கடைசி நாட்களில் உன் வாயில் இருந்த ருசியை வீணுக்குப் பிடுங்கியது அவருக்குத் தெரிந்துவிடும். பரீட்சைத் தாளில் ஒரு தசமப் புள்ளி தப்பினால் விடாத நான், இரண்டிலும் சேராத ஒன்றைச் சொன்னேன்.

"நீங்க பிந்தல அண்ணே. நீங்க செய்யவேண்டியத சரியா செஞ்சிய. எங்க சாமானம்தான் ஆகல. எங்களுக்குத்தான் முடியல."

"அப்பம் நான் செஞ்சது சரிதான்?"

"சரிதான்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ ஒரு நாளும் உப்பு வேணும்னு கேக்கல தங்கச்சி. அதாக்கும் எனக்கு ஒரு ஆறுதல். ஒரே ஒருவாட்டி கேட்டிருந்தா, என்னமும் ஆயிட்டுப் போட்டும்னு உப்பள்ளிப் போட்டுக் குடுத்திருப்பேன்."

எனக்கு விரல் நுனியில் இருந்து உடம்பு முழுக்கக் கூசியது. "அவளுக்கு முன்னயே உப்பு பெருசாப் பிடிக்காது அண்ணே" என்றேன். "கல்லூரியில நாங்க சாப்பிடும்போதும் கொறச்சுத்தான் எடுப்பா."

"அப்படியா?" என்றார். "எனக்கு அது தெரியாது. நான் எப்பம் ஊருல இருந்தேன்?"

பஸ் ஏறும்வரை நான் அழவில்லை. நீ கட்டிக்காத்ததை நான் போட்டு உடைக்கவில்லை, ஆனால் உன் நாக்கில் கறி வைத்த இந்த விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் இதே விரலால்தான் குமிழைத் திருப்பப் போகிறேன், துளியில் உப்பைக் கலந்துவிட்டு. அது நிற்கும், நடுங்கும். என்ன செய்யுது என்று கேட்க சாயங்காலம் யாரும் இருக்கமாட்டார்கள். அன்று வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அண்ணன் சொன்னார், "பைய செய்யுங்க தங்கச்சி. இனி ஒருத்தருக்காவது ஓடட்டும்." சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.